அடுத்த வீட்டு நாய் ஏன் பாய்கிறது?

திண்டுக்கல் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது மலைக்கோட்டை, அடுத்தது பூட்டு. கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் பூட்டுக்குப் பேர்போன இந்த ஊரிலும், சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களிலும் பூட்டை மட்டும் நம்பி இருப்பவர்கள் குறைவு. தோட்டத்து வீடானாலும், ஆட்டுப்பட்டியானாலும், நகரத்துச் சந்து வீடானாலும் வாசலில் ஒரு நாய் கட்டிக் கிடப்பதைக் காணலாம்.

பூட்டுக்குச் சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், நிழலும் துணையும் வேண்டாம். நாய்க்கு இவை எல்லாம் வேண்டும். இதை மறந்து, நாயையும் ஒரு பூட்டைப் போல வாசலில் மாட்டிவிட்டுப் போகும் வீடுகளும் உண்டு. அப்படிக் கிடக்கும் நாய், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளைக் கண்டால் பாய்கிறது. பிள்ளைகள் கல்லெறிகிறார்கள். பெரியவர்கள் வீட்டுக்காரரோடு சண்டை போடுகிறார்கள். ஒரு நாள் சங்கிலி அறுந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே நாட்கள் போகின்றன.

“அந்த நாயே பொல்லாதது” என்று சொல்லி முடித்துவிடலாமா? விஞ்ஞானம் அப்படி முடிப்பதில்லை. ஏன் பொல்லாததாயிற்று என்று கேட்கிறது. அந்தக் காரணம் தெரிந்தால், நம்மைக் காத்துக்கொள்ளும் வழியும், நாயின் குணத்தை மாற்றும் வழியும் தெரியும். மாணவ நண்பர்களே, அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறோம்.

நெடுநாளைய தோழன்

மனிதன் பயிர் செய்யக் கற்பதற்கு முன்பே நாய் அவனோடு வாழத் தொடங்கிவிட்டது. குறைந்தது 14,000 ஆண்டுகளாக இந்த உறவு இருந்து வருகின்றது. ஆடு, மாடு எல்லாம் அதற்குப் பின்னர் வந்தவையே.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 1,400 ஆண்டு பழமையானது. மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் இறந்துபட்ட வீரனின் உருவத்தோடு, அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்றது என்றும் கல்வெட்டு கூறுகின்றது.

நம் தென் மாவட்டங்கள் நாட்டு நாய் இனங்களுக்குப் பெயர் பெற்றவை. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றின் பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோம்பை என்பது பக்கத்துத் தேனி மாவட்டத்தில் உள்ள ஊரின் பெயர். 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்கு அஞ்சல் தலைகள் வெளியிட்டபோது இராஜபாளையமும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. இவை வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. நாள் முழுவதும் ஓடித் திரியும் உடலமைப்பு கொண்டவை. வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் ஆட்டுக் கிடையோடு செல்லும் நாயைப் பாருங்கள். காலை முதல் மாலை வரை ஆட்டுக்காரரோடு நடக்கிறது. வழியில் பலரையும் பார்க்கிறது. வருவோர் போவோர் மீதெல்லாம் அது பாய்வதில்லை. அதே இனத்து நாயை ஒரு முளையில் கட்டிப்போட்டால் மட்டும் ஏன் இந்த வேறுபாடு?

ஓடு, இல்லையேல் எதிர்த்து நில்

சுவிட்சர்லாந்து நாட்டில் விலங்குக் காட்சிசாலைகளின் இயக்குநராக இருந்தவர் ஹைனி ஹெடிகர். விலங்குகளை நாம் நெருங்கும்போது அவை என்ன செய்கின்றன என்பதை அவர் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்தார். ஒவ்வொரு விலங்கும் தன்னைச் சுற்றி ஓர் எல்லை வைத்திருக்கிறது என்று கண்டார். அந்த எல்லைக்குள் ஆபத்து வந்தால் விலங்கு விலகி ஓடும். இது ஓட்ட தூரம். ஓட வழியில்லாமல், ஆபத்து இன்னும் நெருங்கிவிட்டால் விலங்கு திரும்பி எதிர்த்துப் பாயும். இது நெருக்கடி தூரம். வீட்டுப் பூனையை ஒரு மூலையில் மடக்கிப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அமெரிக்க உடலியல் விஞ்ஞானி வால்டர் கேனன், இந்நேரத்தில் உடலுக்குள் நடப்பதை ஆராய்ந்து 1915ஆம் ஆண்டில் விளக்கினார். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலிருந்து அட்ரினலின் இரத்தத்தில் பாய்கின்றது. இதயம் வேகமாகத் துடிக்கின்றது. தசைகளுக்கு இரத்தம் மிகுதியாகச் செல்கின்றது. கண்ணின் பாவை விரிகின்றது. உடல் ஓடுவதற்கும் போரிடுவதற்கும் ஒருங்கே தயாராகின்றது.

இப்போது கட்டிப்போட்ட நாயை நினைத்துக்கொள்ளுங்கள். அறிமுகமில்லாத ஒருவர் நெருங்குகிறார். அட்ரினலின் சுரக்கின்றது. ஓடலாம் என்றால் சங்கிலி இழுக்கின்றது. இரண்டு வழிகளில் ஒன்றைச் சங்கிலி அடைத்துவிட்டது. எஞ்சியது பாய்வது ஒன்றுதான். இப்படி ஒரு நாளைக்கு ஐம்பது பேர் கடந்து போனால், ஐம்பது முறை அந்த நாய் போர்க்கோலம் கொள்கிறது. பல நாய்களின் சீற்றத்துக்கு அடியில் இருப்பது அச்சமே.

குட்டிப் பருவத்துக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து, 1965ஆம் ஆண்டில் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். பிறந்த 3ஆவது வாரத்திலிருந்து ஏறத்தாழ 12ஆவது வாரம் வரை, குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதைப் பிற்காலத்தில் அச்சமின்றி ஏற்கிறது. அந்த வாரங்களில் மனிதரையே காணாமல் வளர்ந்த குட்டிகள் பின்னர் மனிதரைக் கண்டு மிரண்டன. குட்டியைக் கொண்டுவந்த நாள் முதல் கொல்லையில் கட்டிப்போட்டால், உலகமே அதற்கு அந்நியமாகிவிடுகிறது.

குரைப்புக்குக் கிடைக்கும் பரிசு

ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ், செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். சோறு வருவதற்கு முன்பு ஒவ்வொரு முறையும் ஓர் ஒலியை எழுப்பினால், சில நாளில் அந்த ஒலியைக் கேட்ட மாத்திரத்திலேயே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறியது. ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருவதை நாய் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது.

கல்லெறியும் சிறுவன் செய்வதும் பாவ்லோவின் சோதனைதான், ஆனால் தலைகீழாக! காக்கி நிக்கரும் புத்தகப் பையும் தெரிந்தது, பின்னாலேயே கல் வந்தது, வலித்தது. நான்கு நாளில் நாய் பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. அதன் பிறகு கல்லெறியாத பிள்ளை வந்தாலும், பையைக் கண்டதும் அதற்கு வலி நினைவு வருகின்றது. ஒருவன் எறிந்த கல்லுக்கு வேறொரு பிள்ளை கடிபடுகிறது.

இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒரு செயலுக்குப் பின் நல்ல பயன் கிடைத்தால் அச்செயல் வலுப்படும் என்பதை, அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898ஆம் ஆண்டில் பூனைகளை வைத்துக் காட்டினார். நம் தெரு நிகழ்ச்சியை இதோடு பொருத்திப் பாருங்கள். தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, தபால்காரர் போய்விடுகிறார். அவர் வேலை முடிந்து போனார் என்பது நமக்குத் தெரியும். நாய்க்குத் தெரிந்ததோ, “நான் குரைத்தேன், ஆபத்து விலகியது” என்பதே. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வழிப்போக்கரும் இந்தப் பரிசை நாய்க்குக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். நாம் அலறி ஓடினால் பரிசு இன்னும் பெரியது.

சங்கிலியின் கணக்கு

கணக்கு நோட்டை எடுங்கள். திறந்த வெளியில் ஒரு முளையில் 2 மீட்டர் சங்கிலியால் கட்டிய நாய்க்குக் கிடைக்கும் இடம் ஒரு வட்டம். அதன் பரப்பு 3.14 × 2 × 2 = 12.56 சதுர மீட்டர். அதையே சுவரிலுள்ள கொக்கியில் கட்டினால் பாதி வட்டம், 6.28 சதுர மீட்டர். மூலையில் கட்டினால் கால் வட்டம், 3.14 சதுர மீட்டர்.

பல வீடுகளில் சங்கிலியின் நீளம் 1 மீட்டர்தான் இருக்கும். சுவரில் கட்டிய அந்த நாய்க்குக் கிடைப்பது 1.57 சதுர மீட்டர். 6 அடிக்கு 3 அடிக் கயிற்றுக் கட்டில் ஒன்றின் பரப்பே ஏறக்குறைய 1.67 சதுர மீட்டர்! கட்டிலை விடச் சிறிய இடத்தில்தான் அது உண்ண வேண்டும், உறங்க வேண்டும், மலசலம் கழிக்கவும் வேண்டும்.

சங்கிலியின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும் என்பதைக் கவனியுங்கள். வேறொரு வழியும் உண்டு. இரண்டு தூண்களுக்கு இடையே கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் வளையம் கோத்து, வளையத்தில் சங்கிலியை மாட்டலாம். வளையம் 6 மீட்டர் தூரம் ஓடுவதாகவும், சங்கிலி 1.5 மீட்டர் எட்டுவதாகவும் கொண்டால், பரப்பு 6 × 3 = 18 சதுர மீட்டர் கொண்ட செவ்வகமும், இரு முனைகளிலும் சேர்ந்து 7.07 சதுர மீட்டர் வட்டமும் ஆகும். மொத்தம் 25.07 சதுர மீட்டர். அதே சங்கிலி முளையில் கட்டியிருந்தால் 7.07 மட்டுமே. நாய் தூணைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளாதபடி, தூணுக்கு முன்பே வளையத்தை நிறுத்தும் தடை கம்பியில் இருக்க வேண்டும். வேலி அடைத்த இடத்தில் அவிழ்த்து விடுவதும், நாள்தோறும் நடத்திக் கூட்டிச் செல்வதும் இதைவிட நல்லவை. எனினும், சில நூறு ரூபாய்ச் செலவில் ஒரு நாயின் உலகத்தை மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக்கலாம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகின்றது.

இனி வெயிலுக்கு வருவோம். திண்டுக்கல் சமவெளி சித்திரை, வைகாசியில் எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு உடல் முழுவதும் வியர்க்கின்றது. வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கின்றது. நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான் அப்படி வியர்க்கும். ஆகவே அது நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாயிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கி வெப்பத்தை வெளியேற்றுகின்றது. இதற்குத் தண்ணீர் வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. 20 கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளிலேயே 1 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் தேவை. கோடையில் இன்னும் அதிகம். தகரக் கூரையின் அடியில், கவிழ்ந்த சட்டியோடு கிடக்கும் நாய் எரிச்சலோடு இருப்பதில் வியப்பில்லை.

நாயின் மொழியைப் படியுங்கள்

நாய் கடிப்பதற்கு முன் பெரும்பாலும் அறிவிப்புக் கொடுக்கும். நமக்குப் படிக்கத் தெரிய வேண்டும்.

வாலாட்டினால் நட்பு என்று எண்ணிவிடக் கூடாது. உடல் தளர்ந்து, வால் அகலமாக ஆடினால் மகிழ்ச்சி. உடல் விறைத்து, வால் உயர்ந்து, விரைப்பாகச் சிறிதே ஆடினால் எச்சரிக்கை. இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 2007ஆம் ஆண்டில் இன்னொரு நுணுக்கத்தையும் கண்டார்கள். எசமானரைக் கண்ட நாயின் வால் அதன் வலப்பக்கம் சற்று அதிகமாகவும், மிரட்டும் பிற நாயைக் கண்டால் இடப்பக்கம் அதிகமாகவும் ஆடியது.

காதைப் பின்னுக்கு மடித்து, வாலைக் கால்களுக்கு இடையில் சுருட்டினால் அச்சம். உதட்டை நக்குவதும், தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்ப்பதும் “என்னை விட்டுவிடு” என்ற வேண்டுகோள்கள். முதுகு மயிர் சிலிர்ப்பது கிளர்ச்சியின் அடையாளம். உறுமுவதும் பல்லைக் காட்டுவதும் கடைசி எச்சரிக்கை. உறுமும் நாயை அடித்து அடக்கினால், அச்சம் போகாது. எச்சரிக்கை மட்டுமே போகும். பிறகு அது சொல்லாமல் கடிக்கும்.

எதிரே வந்தால்

1. ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது வேட்டை விலங்கின் இயல்பு. எவ்வளவு வேகமாக ஓடினாலும் நாய் உங்களை முந்திவிடும்.

2. மரம் போல் நில்லுங்கள். கைகளை உடலோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கத்த வேண்டாம்.

3. கண்ணுக்கு நேரே முறைக்காதீர்கள்; நாய்க்கு அது சண்டைக்கு அழைப்பு. சற்றுப் பக்கவாட்டில் திரும்பி, நாயை ஓரக்கண்ணில் வைத்துக்கொண்டு, மெல்லப் பின்வாங்குங்கள். முதுகைக் காட்ட வேண்டாம்.

4. சைக்கிளில் போகும்போது துரத்தினால், வேகத்தைக் குறைத்து இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் நிறுத்துங்கள். நடந்து போகிறவர்கள் புத்தகப் பையை முன்னால் பிடிக்கலாம். கடித்தால் பையைக் கடிக்கட்டும்.

5. கீழே விழுந்துவிட்டால் பந்து போலச் சுருண்டு, விரல்களை மடக்கி, கைகளால் கழுத்தையும் காதையும் மூடிக்கொண்டு அசையாமல் கிடங்கள்.

6. கட்டிய நாயைக் கடக்கும்போது, சங்கிலியின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளிச் செல்லுங்கள். சங்கிலி எட்டும் தூரத்துக்கு அப்பாலும் நாயின் தலை நீளும். கம்பிக் கதவுக்குள் கையை நீட்டுவது, கட்டை அவிழ்த்து விடுவது, சாப்பிடும்போதும் குட்டிகளோடு இருக்கும்போதும் நெருங்குவது ஆகியவை எக்காரணத்தைக் கொண்டும் கூடாது.

தம்பி தங்கைகளுக்கும் இவற்றைச் செய்து காட்டிப் பழக்குங்கள். வெறிநோய் இருக்கலாம் என்று ஐயுறப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் 100க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

கடித்துவிட்டால்

1902ஆம் ஆண்டில், லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் நாய்க்கடியால் வந்த வெறிநோயில் இறந்தார். பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றி 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் தென்னிந்தியாவில் அந்த மருந்து கிடைக்கவில்லை. இந்த மரணம் பலரையும் உலுக்கியது. அமெரிக்க வள்ளல் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த நன்கொடையும் துணைசெய்ய, 1907ஆம் ஆண்டில் நம் நீலகிரிக் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது.

கடித்த பிறகு போடும் ஊசி எப்படிக் காப்பாற்றுகின்றது? வெறிநோய் வைரஸ் இரத்தத்தில் பரவுவதில்லை. கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகின்றது. பெரும்பாலும் இதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். தலைக்கருகில் கடித்தால் விரைவில் சேர்ந்துவிடும். வைரஸ் மூளையை அடையுமுன் உடலில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிவிடுவதே தடுப்பூசியின் வேலை. இது ஓர் ஓட்டப் பந்தயம். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பந்தயம் ஏறக்குறையத் தோற்றதே. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு நம் நாட்டில்.

ஆகவே, கடித்தாலும், பல் கீறினாலும், புண்ணில் நாய் நக்கினாலும் உடனே செய்ய வேண்டியவை: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். சோப்பு, வைரஸின் கொழுப்பு உறையைச் சிதைத்துவிடும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித் தூள் எதையும் அப்பக் கூடாது. வீட்டில் சொல்லி, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசிகள் பழங்கதை. அந்த மருந்தின் தயாரிப்பு நம் நாட்டில் 2004ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இப்போது கையில், தோலுக்குள் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுகிறார்கள். ஆழமான காயமானால், காயத்தைச் சுற்றி வேறொரு எதிர்ப்பு மருந்தும் செலுத்துவார்கள். திட்டுக்குப் பயந்து கடியை மறைக்கும் பிள்ளை தன் உயிரையே பணயம் வைக்கிறது.

“கட்டிக் கிடக்கிற நாய்தானே” என்று விட்டுவிடவும் கூடாது. ஓட முடியாத அந்த நாயை, வெறிபிடித்த தெருநாய் எளிதாகக் கடித்துவிட்டுப் போகலாம்.

வீட்டுக்காரரிடம் பேசுவது

நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டது. மருந்து நாயிடம் இல்லை, வீட்டுக்காரரிடம் இருக்கிறது. அவரிடம் எப்படிப் பேசுவது? தனியே போகாமல் அப்பா, அம்மா, பெரியவர் யாரேனும் ஒருவரோடு போங்கள். “உங்கள் நாயால் தொல்லை” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நாயின் துன்பத்தைச் சொல்லித் தொடங்குங்கள். இப்படி:

“மாமா, மத்தியானம் நாய்ச் சட்டியிலே தண்ணியே இல்லை. வெயிலுக்கு நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்குது.”

“ஆமாப்பா, நான் மில்லுக்குப் போனா ராத்திரிதான் வர்றேன். அத்தைக்கு அதுகிட்டப் போகவே பயம். வாங்கிட்டு வந்த பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான்.”

பல வீடுகளில் கதை இதுதான். கொடுமைக்காரர் என்று நாம் நினைத்தவர், செய்வதறியாதவராக இருப்பார். அங்கே நம் யோசனைகள் உதவும். சட்டி கவிழாமல் இருக்கப் பாதி மண்ணில் புதைக்கலாம். தெருவைப் பார்க்கக் கட்டியிருப்பதைக் கொல்லைப் பக்கம், வேப்பமர நிழலுக்கு மாற்றலாம். ஓலைத் தட்டி ஒன்று வைத்துத் தெருவை மறைத்தாலே குரைப்பு குறையும். ஓடுகம்பியின் கணக்கைப் போட்டுக் காட்டலாம். ஆண்டுக்கொரு முறை வெறிநோய்த் தடுப்பூசிக்கு அரசு கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நினைவூட்டலாம்.

வீட்டுக்காரர் இணங்கினால் பாவ்லோவின் பாடத்தை நேராகவும் நடத்தலாம். நீங்கள் 15 மீட்டர் தூரத்தில், நாய் உங்களைப் பார்த்தும் குரைக்காத இடத்தில், அமைதியாகக் கடந்து போங்கள். நீங்கள் தெரியும்போதெல்லாம் வீட்டுக்காரர் நாய்க்கு ஒரு துண்டு கருவாடோ ரொட்டியோ தரட்டும். நீங்கள் மறைந்ததும் நிறுத்தட்டும். சில நாள் கழித்து 13 மீட்டர், பிறகு 11. குரைத்தால் மறுபடி பழைய தூரத்துக்குப் போய்விடுங்கள். ஒரு வாரத்தில் முடியாது. சில மாதங்களும் ஆகலாம். “பையைக் கண்டால் வலி” என்ற பழைய முடிச்சு அவிழ்ந்து, “பையைக் கண்டால் கருவாடு” என்ற புதிய முடிச்சு விழும். தீனியை வீட்டுக்காரர்தான் தர வேண்டும். நீங்கள் நெருங்கக் கூடாது.

எவ்வளவு சொல்லியும் கேளாதவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. மதுரையில் 1904ஆம் ஆண்டில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், பரதநாட்டியக் கலைஞராக நமக்குத் தெரிந்தவர். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பிராணிகளுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவரே. அதன் தொடர்ச்சியாக உருவானதுதான் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், போதிய உணவு, நீர், இருப்பிடம் தராததும் அச்சட்டப்படி குற்றம். தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறுவதும், 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி குற்றமே. பெரியவர்கள் மூலம் உள்ளாட்சி அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

சிலர் கோபத்தில் விஷம் வைக்கத் துணிகிறார்கள். அதே சட்டத் தொகுப்பின் 325ஆம் பிரிவு, விலங்கைக் கொல்வோருக்கு 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த நாய் செத்தால், அதே முளையில், அதே 1 மீட்டர் சங்கிலியில் அடுத்த குட்டி வந்து சேரும். அடுத்த ஆண்டே அதுவும் பாயும். மாற வேண்டியது சங்கிலியும் சட்டியும் நிழலும்தான்.

செய்து பாருங்கள்

பாதுகாப்பான தூரத்தில், உங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தோ மாடியிலிருந்தோ ஒரு வாரம் ஒரு நாயைக் கவனியுங்கள். நேரம், கடந்து சென்றவர், அவர் சென்ற தூரம், குரைத்த நொடிகள், அப்போது நிழல் இருந்ததா, சட்டியில் தண்ணீர் இருந்ததா என்று ஆறு பத்திகள் கொண்ட அட்டவணை போடுங்கள். தூரத்துக்கும் குரைத்த நேரத்துக்கும் வரைபடம் வரையுங்கள். இந்த நாயின் ஓட்ட தூரம் எவ்வளவு என்று வரைபடத்திலிருந்து கூற முடிகிறதா?

சிந்தியுங்கள்

1. 3 மீட்டர் சங்கிலியால் ஒரு மூலையில் கட்டிய நாய்க்குக் கிடைக்கும் பரப்பு எவ்வளவு?

2. உறுமும் நாயை அடித்து அடக்குவது ஏன் ஆபத்தை அதிகமாக்கும்?

3. காலில் கடித்ததை விட முகத்தில் கடித்தது ஏன் அவசரமானது?

4. உங்கள் தெருவில், தான் அறியாமலேயே நாய்க்குக் குரைப்புப் பரிசு தருகிறவர்கள் யார் யார்?

விடைகளை உங்கள் அறிவியல் மன்றத்தில் விவாதியுங்கள். அட்டவணை முடிந்ததும் அதை ஒரு பெரியவரோடு போய் அந்த வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். தம் நாய் ஒரு நாளைக்கு எத்தனை முறை அஞ்சி நடுங்குகிறது என்பதை அவர் முதன்முறையாக அப்போதுதான் அறிந்துகொள்வார்.